அன்னா மே வோங்

அன்னா மே வோங் (சனவரி 3, 1905 – பெப்ரவரி 3, 1961) ஓர் அமெரிக்கத் திரைப்பட, நாடக, தொலைக்காட்சி நடிகை ஆவார். இவரது இயற்பெயர் வோங் லியூ சொங். சீன வம்சாவளியினரில் ஹாலிவுட்டில் நட்சத்திர நிலையை எட்டிய முதல் நடிகையாகவும், உலகளாவிய புகழ்பெற்ற முதல் சீன அமெரிக்க நடிகையாகவும் இவர் கருதப்படுகிறார். ஊமைப்படங்கள், தொடக்ககால வண்ணப்படங்கள், பேசும் படங்கள், மேடை நாடகங்கள், வானொலி, தொலைக்காட்சி ஆகிய அனைத்திலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

வோங் வாழ்ந்த காலத்தில் அமெரிக்கத் திரைப்படங்களில் முதன்மையான ஆசியப் பாத்திரங்களைப் பெரும்பாலும் வெள்ளை இன நடிகர்களே ஒப்பனை செய்துகொண்டு நடித்தனர். சீனப் பெண்ணின் வேடத்திற்குச் சீன வம்சாவளி நடிகை ஒருவர் இருந்தபோதும் அவருக்குக் கதாநாயகி வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்த குடிமகளாக இருந்தும் அந்நாட்டுச் சட்டங்களாலும் திரைத்துறை வழக்கங்களாலும் இவர் கட்டுப்படுத்தப்பட்டார். அதே வேளையில், ஏற்று நடித்த வேடங்களுக்காகச் சீனாவிலும் கண்டிக்கப்பட்டார். 2022 ஆம் ஆண்டில் இவரது உருவம் அமெரிக்க நாணயத்தில் பொறிக்கப்பட்டது. அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் இவரே.

இளமைக்காலம்

வோங் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், சீனர் குடியிருப்புக்கு அருகில் உள்ள பிளவர் தெருவில் பிறந்தார். தந்தை வோங் சாம் சிங், தாய் லீ கோன் தோய். பெற்றோர் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். இவர்களின் முன்னோர் தென் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள தைஷான் பகுதியிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறியவர்கள். தந்தை ஒரு சலவையகத்தை நடத்தி வந்தார். வோங்கும் அவரது தமக்கையும் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் சலவையகத்தில் உதவி செய்தனர்.

தொடக்கத்தில் வோங் அரசுப் பள்ளி ஒன்றில் பயின்றார். அங்கு உடன் பயின்ற மாணவர்களின் இனக் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானதால், பெற்றோர் இரு மகள்களையும் கிறித்தவ சபையினர் நடத்திய சீனப் பள்ளிக்கு மாற்றினர்.

அக்காலத்தில் அமெரிக்கத் திரைப்படத் தொழில் நியூயார்க் பகுதியிலிருந்து லாஸ் ஏஞ்சலசுக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்தது. சீனர் குடியிருப்பின் தெருக்களிலும் படப்பிடிப்புகள் நடைபெற்றன. சிறுமி வோங் அவற்றைப் பார்க்கச் சென்று, படக்குழுவினரிடம் தொடர்ந்து கேள்விகள் கேட்பது வழக்கம். இதனால் 'ஆர்வம் மிக்க சீனக் குழந்தை' என்று அவர்கள் இவரை அழைத்தனர். தம் பதினோராம் வயதிலேயே ஆங்கிலப் பெயரையும் குடும்பப் பெயரையும் இணைத்து 'அன்னா மே வோங்' என்னும் திரைப்பெயரைத் தேர்ந்துகொண்டார். மகள் நடிப்பதைத் தந்தை விரும்பவில்லை.

திரைப்பட வாழ்க்கை

ஊமைப்படக் காலம்

1919 ஆம் ஆண்டில் அல்லா நாசிமோவா நடித்த 'த ரெட் லேண்டர்ன்' (சிவப்பு விளக்கு) என்னும் படத்திற்குச் சீனப் பெண்கள் பலர் கூட்டக் காட்சிகளுக்குத் தேவைப்பட்டனர். அவர்களுள் ஒருவராக விளக்கேந்தி நின்றதே வோங்கின் முதல் திரைத்தோற்றம் ஆகும். படத்தில் இவரது பெயர் குறிப்பிடப்படவில்லை. 1921 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி முழுநேர நடிகையானார். அதே ஆண்டில் வெளியான 'பிட்ஸ் ஆப் லைப்' என்னும் படத்தில் லோன் சேனியின் மனைவியாக நடித்தார். இதுவே இவரது பெயர் திரையில் இடம்பெற்ற முதல் படமாகும்.

1922 ஆம் ஆண்டில் வெளியான 'த டோல் ஆப் த சீ' படத்தில் வோங் முதன்முறையாகக் கதாநாயகியாக நடித்தார். அப்போது இவருக்கு வயது 17. இரு வண்ணங்களைப் பயன்படுத்திய தொடக்ககால டெக்னிகலர் முறையில் எடுக்கப்பட்ட இப்படத்திற்குப் பிரான்செஸ் மேரியன் கதை எழுதினார். செஸ்டர் பிராங்க்லின் இயக்கினார். 'மேடம் பட்டர்பிளை' கதையைச் சீனப் பின்னணிக்கு மாற்றி அமைத்த இப்படத்தில், அமெரிக்கர் ஒருவரைக் காதலித்துக் கைவிடப்படும் 'தாமரை மலர்' என்னும் பெண்ணாக வோங் நடித்தார். மகனை அவனது தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு அப்பெண் கடலில் உயிரை மாய்த்துக்கொள்வதுடன் கதை முடிகிறது. மிகைப்படுத்தாத நடிப்பிற்காக வோங் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றார். ஆயினும் இப்படத்தைத் தொடர்ந்து கதாநாயகி வாய்ப்புகள் வரவில்லை.

1924 ஆம் ஆண்டில் டக்ளஸ் பேர்பேங்க்ஸ் தயாரித்து நடித்த 'த தீப் ஆப் பாக்தாத்' (பாக்தாத் திருடன்) படத்தில் மங்கோலிய அடிமைப் பெண்ணாக நடித்தார். இளவரசியின் பணிப்பெண்ணாக இருந்துகொண்டு உளவு பார்க்கும் சிறிய வேடம் அது. ரவுல் வால்ஷ் இயக்கத்தில் பெரும் பொருட்செலவில் உருவான இப்படம் உலகெங்கும் திரையிடப்பட்டதால் வோங்கின் புகழ் அமெரிக்காவுக்கு வெளியிலும் பரவியது. அதே ஆண்டில் 'பீட்டர் பேன்' படத்தில் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணான டைகர் லில்லியாக நடித்தார்.

சீனப் புராணக் கதைகளைப் படமாக்கும் நோக்கத்துடன் 1924 ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில் கூட்டாளி நேர்மையற்ற முறையில் நடந்துகொண்டதால் வழக்குத் தொடர நேர்ந்தது. நிறுவனமும் கலைக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த வேடங்கள் பெரும்பாலும் பணிப்பெண், நடனக்காரி, சூழ்ச்சிக்காரி போன்ற துணைப் பாத்திரங்களாகவே இருந்தன. 1927 ஆம் ஆண்டில் வெளியான 'மிஸ்டர் வூ' படத்தில் சீனத் தந்தையாக லோன் சேனியும் அவரது மகளாகப் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரேயும் நடிக்க, வோங்குக்குத் துணை வேடமே கிடைத்தது. 1928 இல் வெளியான 'த கிரிம்சன் சிட்டி' படத்திலும் சீனக் கதாநாயகியாக மிர்னா லாய் நடித்தார்.

ஐரோப்பாவில்

ஹாலிவுட் வேடங்களில் சலிப்புற்ற வோங் 1928 ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்றார். செருமனியில் இயக்குநர் ரிச்சர்ட் ஐக்பெர்கின் 'சோங்' என்னும் படத்தில் கதாநாயகியாக நடித்துப் பெரும் வரவேற்பைப் பெற்றார். செருமானியப் பத்திரிகைகள் அவரை ஒரு முழுமையான கலைஞராகக் கருதி எழுதின. சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் அவரைச் சந்தித்துக் கட்டுரை ஒன்றை எழுதினார். பெர்லின் நகரில் நடந்த விருந்தொன்றில் மார்லீன் டீட்ரிக், லெனி ரீபென்ஸ்டால் ஆகியோருடன் வோங் நிற்கும் ஒளிப்படம் புகழ்பெற்றதாகும். அதனை எடுத்தவர் ஆல்பிரட் ஐசன்ஸ்டாட்.

1929 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஈ. ஏ. துபோன்ட் இயக்கிய 'பிக்காடிலி' வெளிவந்தது. இலண்டன் இரவு விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் ஷோஷோ என்னும் பெண், தன் நடனத் திறமையால் விடுதியின் முதன்மை நடனக்காரியாக உயர்வதைக் கூறும் கதை இது. விளம்பரங்களில் கில்டா கிரேயின் பெயரே முதலில் இடம்பெற்றபோதும், வோங்கின் நடிப்பே பெரிதும் பேசப்பட்டது. இவரது சிறந்த படங்களுள் ஒன்றாக இன்றும் இது மதிக்கப்படுகிறது. எனினும் இப்படத்திலும் வெள்ளை இன நடிகருடன் இவர் முத்தமிடும் காட்சி, வெளியீட்டுக்கு முன்னரே நீக்கப்பட்டது.

அதே ஆண்டில் இலண்டன் மேடையில் 'த சர்க்கிள் ஆப் சாக்' (சுண்ணக்கட்டி வட்டம்) நாடகத்தில் லாரன்ஸ் ஒலிவியருடன் நடித்தார். மேடையில் ஒலித்த இவரது கலிபோர்னிய உச்சரிப்பை விமர்சகர்கள் குறை கூறினர். அதனைப் பொருட்படுத்திய வோங், பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திப் பிரித்தானிய ஆங்கில உச்சரிப்பைக் கற்றுக்கொண்டார். செருமன், பிரெஞ்சு மொழிகளையும் கற்றார். 1930 ஆம் ஆண்டில் ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் தனித்தனியே எடுக்கப்பட்ட தம் முதல் பேசும் படத்தில், மூன்று மொழிகளிலும் தாமே பேசி நடித்தார். வியன்னா நகரில் இசை நாடகம் ஒன்றிலும் பங்கேற்றார்.

மீண்டும் ஹாலிவுட்

1930 ஆம் ஆண்டில் அமெரிக்கா திரும்பிய வோங், நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'ஆன் த ஸ்பாட்' நாடகத்தில் நடித்தார். அந்நாடகம் ஓடிக்கொண்டிருந்த வேளையில், நவம்பர் 1930 இல், இவரது தாய் வாகனம் மோதி உயிரிழந்தார். பின்னர் முதன்மை வேடங்கள் தரப்படும் என்ற உறுதியின் பேரில் பாரமவுண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1931 ஆம் ஆண்டில் வெளியான 'டாட்டர் ஆப் த டிராகன்' படத்தில் பூ மாஞ்சு என்னும் கொடியவனின் மகளாக நடித்தார். சுவீடனில் பிறந்த வார்னர் ஓலாண்ட் பூ மாஞ்சுவாகவும், சப்பானிய நடிகர் செசூ ஹயகாவா துப்பறிவாளராகவும் நடித்தனர். படத்தில் சிறிது நேரமே தோன்றும் ஓலாண்டுக்கு 12,000 டாலரும், ஹயகாவாவுக்கு 10,000 டாலரும், தலைப்புப் பாத்திரமான வோங்குக்கு 6,000 டாலரும் ஊதியமாக வழங்கப்பட்டன.

1932 ஆம் ஆண்டில் யோசெப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லீன் டீட்ரிக்குடன் நடித்தார். உள்நாட்டுப் போர் நடக்கும் சீனாவில் தொடருந்தில் பயணம் செய்யும் ஹுயி பெய் என்னும் பெண்ணின் வேடம் இவருடையது. தன்னை வன்முறைக்கு உள்ளாக்கிய படைத்தலைவனைக் கொன்று பிற பயணிகளின் விடுதலைக்கு வழிசெய்யும் இப்பாத்திரத்தை வோங் மிகக் குறைந்த சொற்களாலும் அசைவுகளாலும் வெளிப்படுத்தினார். அமெரிக்காவில் இப்படம் பெரும் வெற்றி பெற்றது. சீனப் பத்திரிகைகளோ, நாட்டை இழிவுபடுத்தும் படத்தில் நடித்ததாக வோங்கைச் சாடின.

இதன் பின்னரும் தகுந்த வேடங்கள் கிடைக்காததால் மீண்டும் இங்கிலாந்து சென்றார். 1934 ஆம் ஆண்டில் அங்கு 'டைகர் பே', 'சூ சின் சௌ', 'சாவா ஹெட்' ஆகிய படங்களில் நடித்தார். இவற்றுள் 'சாவா ஹெட்' படத்தில் ஆங்கிலேய வணிகர் ஒருவரின் சட்டபூர்வ மனைவியான மஞ்சு இளவரசியாகத் தோன்றினார். வெள்ளை இன நடிகர் ஒருவர் இவரைத் திரையில் முத்தமிடும் ஒரே படமாக இது குறிப்பிடப்படுகிறது.

சட்டங்களும் திரைத்துறை விதிகளும்

வோங்குக்குக் கதாநாயகி வேடங்கள் மறுக்கப்பட்டதற்கு இனவெறுப்பு மட்டுமன்றி, அக்காலச் சட்டங்களும் விதிகளும் காரணமாக இருந்தன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

• சீனர் விலக்குச் சட்டம்: 1882 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இச்சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடை செய்தது, சீனர்கள் குடியுரிமை பெறுவதையும் தடுத்தது. 1943 ஆம் ஆண்டிலேயே இது நீக்கப்பட்டது. வோங் பிறப்பால் அமெரிக்கக் குடிமகளாயினும், ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்திற்கு முன்னரும் குடிவரவு அதிகாரிகளிடம் விண்ணப்பித்து, விசாரணைக்கு உட்பட்டு, திரும்பி வருவதற்கான ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது.

• கலப்புமணத் தடை: கலிபோர்னியாவில் வெள்ளை இனத்தவர் ஆசிய இனத்தவரை மணப்பதைச் சட்டம் தடுத்தது. 1948 ஆம் ஆண்டில் அம்மாநில உச்சநீதிமன்றம் இத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

• கேபிள் சட்டம்: 1922 ஆம் ஆண்டின் இச்சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தார். சீனக் குடிமகன் ஒருவரை வோங் மணந்திருந்தால் இவருக்கும் இந்நிலை ஏற்பட்டிருக்கும். 1931 ஆம் ஆண்டில் இவ்விதி நீக்கப்பட்டது.

• ஹேஸ் விதிகள்: 1930 இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட திரைப்படத் தயாரிப்பு விதிகள் இனக்கலப்பு உறவைத் திரையில் காட்டுவதைத் தடை செய்தன. விதியின் வாசகம் வெள்ளை, கறுப்பு இனத்தவரை மட்டுமே குறிப்பிட்டபோதும், படநிறுவனங்கள் நடைமுறையில் அதனை ஆசியர்களுக்கும் பொருத்தின.

ஹாலிவுட் கதைகளில் கதாநாயகி என்பவர் கதாநாயகனின் காதலியாக இருப்பது வழக்கம். கதாநாயகனோ ஏறத்தாழ எப்போதும் வெள்ளை இனத்தவர். இவ்விரண்டும் சேர்ந்தபோது வோங் கதாநாயகியாவதற்கு இடமில்லாமல் போயிற்று. வெள்ளை இனக் கதாநாயகனைக் காதலிக்கும் வேடம் கிடைத்தாலும், கதையின் முடிவில் அப்பெண் இறந்துவிடுவதே வழக்கமாயிற்று. தம் கல்லறையில், ஆயிரம் முறை இறந்தவர் என்று பொறிக்கலாம் என வோங் வேடிக்கையாகக் கூறியதுண்டு. 1933 ஆம் ஆண்டில் அளித்த பேட்டி ஒன்றில், திரையில் சீனர்கள் எப்போதும் கொடியவர்களாகவும் வஞ்சகர்களாகவும் காட்டப்படுவது ஏன் என்று அவர் வினவினார். மேற்குலகைவிடப் பன்மடங்கு பழமையான நாகரிகம் தம் முன்னோருடையது என்பதையும் சுட்டிக்காட்டினார்.

'த குட் எர்த்' திரைப்படம்

அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் எஸ். பக் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த குட் எர்த்' (நல்ல நிலம்) புதினம் சீன உழவர் குடும்பம் ஒன்றின் வாழ்வைக் கூறுவதாகும். புலிட்சர் பரிசு பெற்ற இப்புதினத்தை மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் படமாக்க முன்வந்தது. சீனர்களைக் கொடியவர்களாகக் காட்டாத பெரும் படம் என்பதால், உழவனின் மனைவி ஓ-லான் வேடத்தில் நடிக்க வோங் பெரிதும் விரும்பினார். லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகைகள் சிலவும் இவரது பெயரை முன்மொழிந்தன.

ஆயினும் உழவன் வாங் லுங் வேடத்திற்குப் பால் முனி தெரிவு செய்யப்பட்டார். ஓ-லான் வேடம் செருமனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்கு வழங்கப்பட்டது. வோங்குக்குத் தாமரை என்னும் இரண்டாம் மனைவியின் வேடமே பரிசீலிக்கப்பட்டது. குடும்பத்தைச் சீர்குலைக்கும் பாத்திரம் அது. சீனப் பாத்திரங்களை அமெரிக்க நடிகர்கள் ஏற்கும் படத்தில், சீன இரத்தம் கொண்ட தம்மிடம் மட்டும் இரக்கத்திற்குரியதல்லாத ஒரே வேடத்தை ஏற்குமாறு கேட்கிறார்கள் என்று கூறி வோங் மறுத்துவிட்டார். அவ்வேடத்தில் ஆஸ்திரிய நடனக் கலைஞர் டில்லி லோஷ் நடித்தார். படம் 1937 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓ-லானாக நடித்ததற்காக லூயிஸ் ரெய்னர் சிறந்த நடிகைக்கான அகாதமி விருதைப் பெற்றார்.

சீனப் பயணம்

1936 ஆம் ஆண்டு சனவரியில் வோங் கப்பலில் சீனாவுக்குப் புறப்பட்டார். தம் 31 ஆம் வயதிலேயே முதன்முறையாக முன்னோரின் நாட்டைக் கண்டார். பயண அனுபவங்களை 'நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்' நாளிதழுக்குக் கட்டுரைத் தொடராக எழுதினார். ஒளிப்பதிவாளரின் உதவியுடன் பயணத்தைப் படச்சுருளிலும் பதிவு செய்தார். அக்காட்சிகள் 1957 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டன.

ஷாங்காய் நகரில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் இவரை வரவேற்றனர். வேறு இடங்களில் எதிர்ப்பும் இருந்தது. தேசிய அரசின் அதிகாரிகளும் பத்திரிகைகளும் இவரது திரை வேடங்களைக் கண்டித்தன. வோங் வீட்டில் பேசியது தைஷான் வட்டார மொழி என்பதால் ஷாங்காய் மக்களிடம் ஆங்கிலத்திலேயே பேச வேண்டியிருந்தது. பெய்பிங் (இன்றைய பெய்சிங்) நகரில் தங்கி மாண்டரின் மொழியையும் சீன நாடகக் கலையையும் பயின்றார். முன்னரே சீனா திரும்பியிருந்த தந்தையுடன் மூதாதையர் கிராமத்திற்கும் சென்றார்.

சீன மேடையில் நடிக்கலாம் என்ற இவரது எண்ணம் நிறைவேறவில்லை. சீனர்கள் தம்மை மிகவும் அமெரிக்கத்தனமானவர் என்றும், அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சீன வேடங்களுக்குப் பிற இனத்தவரே பொருத்தம் என்றும் கருதுவது வருத்தத்திற்குரியது என இவர் குறிப்பிட்டுள்ளார்.

1937 – 1949

அமெரிக்கா திரும்பிய வோங், பாரமவுண்ட் நிறுவனத்திற்காகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சில படங்களில் நடித்தார். அப்படங்கள் சிறியவையாயினும் அவற்றில் இவர் விரும்பிய மாற்றம் தெரிந்தது. 1937 இல் வெளியான 'டாட்டர் ஆப் ஷாங்காய்' படத்தில், தந்தையைக் கொன்ற ஆட்கடத்தல் கும்பலைக் கண்டுபிடிக்கும் துணிவுள்ள சீன அமெரிக்கப் பெண்ணாக நடித்தார். இளமைக்கால நண்பரும் கொரிய அமெரிக்கருமான பிலிப் ஆன் இப்படத்தின் கதாநாயகன் ஆவார். ஆசிய அமெரிக்கர் இருவர் இணையராக நடித்ததும், முடிவில் இருவரும் உயிருடன் இருந்து மணம் செய்துகொள்ளத் தீர்மானிப்பதும் அக்கால ஹாலிவுட்டில் காண்பதற்கு அரியனவாகும். 1939 இல் வெளியான 'கிங் ஆப் சைனாடவுன்' படத்தில் அறுவை மருத்துவராக நடித்தார்.

சப்பான் சீனாவின் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து வோங் தம் நேரத்தின் பெரும்பகுதியைச் சீன நிவாரணப் பணிகளுக்கு ஒதுக்கினார். 1938 ஆம் ஆண்டில் தம் திரைப்பட ஆடைகளை ஏலமிட்டு நிதி திரட்டினார். 1942 இல் நடித்த 'பாம்ப்ஸ் ஓவர் பர்மா', 'லேடி பிரம் சுங்கிங்' ஆகிய படங்களின் ஊதியத்தைச் சீன நிவாரண நிதிக்கு வழங்கினார். அதன் பின்னர் ஏழு ஆண்டுகள் திரைப்படங்களில் நடிக்கவில்லை. 1949 இல் வெளியான 'இம்பாக்ட்' படத்தில் பணிப்பெண்ணாகத் திரைக்குத் திரும்பினார்.

தொலைக்காட்சியில்

1951 ஆம் ஆண்டில் டூமான்ட் தொலைக்காட்சி வலையமைப்பு 'த கேலரி ஆப் மேடம் லியூ-சொங்' (லியூ-சொங் அம்மையாரின் கலைக்கூடம்) என்னும் தொடரை ஒளிபரப்பியது. துப்பறியும் பணிகளில் ஈடுபடும் கலைப்பொருள் வணிகராக வோங் நடித்தார். பாத்திரத்திற்கு இவரது இயற்பெயரே சூட்டப்பட்டது. ஆசிய அமெரிக்கர் ஒருவர் முதன்மை வேடமேற்ற முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதுவாகும். ஆகத்து முதல் நவம்பர் வரை ஒளிபரப்பான பின்னர் தொடர் நிறுத்தப்பட்டது. டூமான்ட் வலையமைப்பின் படப்பதிவுகள் பிற்காலத்தில் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. இத்தொடரின் ஒரு பகுதி கூட எஞ்சியிருப்பதாக அறியப்படவில்லை.

1950களில் வோங் பல தொலைக்காட்சித் தொடர்களில் சிறப்பு வேடங்களில் தோன்றினார். 1956 ஆம் ஆண்டில் வில்லியம் வைலர் இயக்கத்தில், சோமர்செட் மாம் எழுதிய 'த லெட்டர்' (கடிதம்) கதையின் தொலைக்காட்சி வடிவத்தில் நடித்தார். 1960 இல் லானா டர்னர், அந்தோணி குவின் ஆகியோருடன் நடித்த 'போர்ட்ரெய்ட் இன் பிளாக்' இவரது கடைசித் திரைப்படங்களுள் ஒன்றாகும். இதிலும் இவருக்கு வீட்டுப் பணிப்பெண்ணின் வேடமே கிடைத்தது.

தனிப்பட்ட வாழ்க்கை

வோங் திருமணம் செய்துகொள்ளவில்லை. கலிபோர்னியாவின் சான்டா மொனிக்கா நகரில் 'மூன்கேட்' (நிலா வாயில்) எனப் பெயரிட்ட மனையில் வாழ்ந்தார். அதனைச் சிறு குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டினார். தம்பி ரிச்சர்ட் இறுதிக்காலத்தில் இவருடன் வசித்தார். ஆடை அணியும் பாங்கிற்காகவும் வோங் புகழ்பெற்றிருந்தார். 1934 ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த அமைப்பு ஒன்று உலகிலேயே மிகச் சிறப்பாக ஆடை அணியும் பெண்ணாக இவரைத் தெரிவு செய்தது. பிற்காலத்தில் மன அழுத்தத்தாலும் மதுப்பழக்கத்தாலும் இவரது உடல்நலம் கெட்டது. கல்லீரல் நோயும் ஏற்பட்டது.

இறப்பு

சான் பிரான்சிஸ்கோ சீனர்களைப் பற்றிய 'பிளவர் டிரம் சோங்' இசைத் திரைப்படத்தில் மேடம் லியாங் வேடத்தில் நடிக்க வோங் ஒப்பந்தமாகியிருந்தார். முதன்மை நடிகர்களில் பெரும்பான்மையினர் ஆசிய வம்சாவளியினராக அமைந்த ஹாலிவுட் படம் அது. உடல்நலக் குறைவால் அதில் இவரால் நடிக்க இயலவில்லை. பெப்ரவரி 3, 1961 அன்று சான்டா மொனிக்காவில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 56. இவரது சாம்பல் லாஸ் ஏஞ்சலசின் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் தாயின் கல்லறையில் வைக்கப்பட்டது.

மதிப்பீடு

வோங் இறந்த பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவரது படங்கள் பெரிதும் மறக்கப்பட்டிருந்தன. பணிந்து உயிர்விடும் 'பட்டாம்பூச்சி', வஞ்சகம் நிறைந்த 'நாகப் பெண்' ஆகிய இரு வார்ப்புகளையும் அமெரிக்க மக்கள் மனதில் பதித்தவர் என்று ஆசிய அமெரிக்கர்களிடையே இவர் விமர்சிக்கப்பட்டதும் உண்டு. 1990களிலிருந்து, குறிப்பாக 2004 ஆம் ஆண்டில் கிரஹாம் ரசல் காவ் ஹாட்ஜஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்ததைத் தொடர்ந்து, இம்மதிப்பீடு மாறத் தொடங்கியது. கொடுக்கப்பட்ட வேடங்களின் எல்லைக்குள் நின்றுகொண்டே அவற்றுக்குக் கண்ணியமும் உயிரும் அளித்தவர் என்றும், தம்மை ஒதுக்கிய துறையை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர் என்றும் ஆய்வாளர்கள் இன்று இவரை மதிப்பிடுகின்றனர். யுன்ட்டே ஹுவாங் எழுதிய மற்றொரு வாழ்க்கை வரலாறு 2023 ஆம் ஆண்டில் வெளியானது.

வோங்கின் ஊமைப்படங்கள் பல அழிந்துவிட்டன. எஞ்சியவற்றுள் 'த டோல் ஆப் த சீ' 1985 ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆவணக் காப்பகத்தால் மீட்டெடுக்கப்பட்டது. படத்தின் கடைசிச் சுருள்கள் கிடைக்காததால், பழைய இருவண்ண டெக்னிகலர் ஒளிப்படக்கருவியைக் கொண்டே கலிபோர்னியக் கடற்கரைக் காட்சி புதிதாக எடுக்கப்பட்டு இறுதியில் சேர்க்கப்பட்டது.

'த குட் எர்த்' படம் வெளிவந்து 86 ஆண்டுகளுக்குப் பின்னர், 2023 ஆம் ஆண்டில், மலேசியாவில் பிறந்த மிசெல் யோ சிறந்த நடிகைக்கான அகாதமி விருதைப் பெற்றார். சீன வம்சாவளி நடிகை ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறையாகும்.

சிறப்புகள்

• 1960 – ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவரது பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது.
• 1990களில் ஹாலிவுட்டில் அமைக்கப்பட்ட நுழைவாயில் மண்டபத்தைத் தாங்கும் நான்கு நடிகையர் சிலைகளுள் ஒன்று வோங்குடையது. மற்றவர்கள் டோலோரஸ் டெல் ரியோ, டோரதி டான்ட்ரிட்ஜ், மே வெஸ்ட் ஆகியோர்.
• 2006 – 'டாட்டர் ஆப் ஷாங்காய்' அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.
• 2020 – கூகுள் தேடுபொறி இவரது நினைவாகச் சிறப்புச் சித்திரம் வெளியிட்டது.
• 2022 – அமெரிக்கப் பெண்களைச் சிறப்பிக்கும் நாணய வரிசையில், இவரது உருவம் பொறித்த கால் டாலர் நாணயம் அக்டோபர் மாதம் வெளியிடப்பட்டது.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

• 1919 – த ரெட் லேண்டர்ன்
• 1921 – பிட்ஸ் ஆப் லைப்
• 1922 – த டோல் ஆப் த சீ
• 1924 – த தீப் ஆப் பாக்தாத்
• 1924 – பீட்டர் பேன்
• 1927 – மிஸ்டர் வூ
• 1928 – சோங்
• 1929 – பிக்காடிலி
• 1931 – டாட்டர் ஆப் த டிராகன்
• 1932 – ஷாங்காய் எக்ஸ்பிரஸ்
• 1934 – சாவா ஹெட்
• 1937 – டாட்டர் ஆப் ஷாங்காய்
• 1939 – கிங் ஆப் சைனாடவுன்
• 1942 – லேடி பிரம் சுங்கிங்
• 1949 – இம்பாக்ட்
• 1960 – போர்ட்ரெய்ட் இன் பிளாக்